பத்தாயிரம் காலடிகள்

1865ஆம் ஆண்டு நேபாளத்தின் வழியாகத் திபெத்துக்குள் ஒரு மனிதர் நடந்து சென்றார். கையில் ஜபமாலை. பார்ப்பவர்களுக்கு அவர் பக்திமிக்க ஒரு பயணி. உண்மையில் அவர் ஜபம் செய்யவில்லை. தம் காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்! அவர் பெயர் நயின் சிங். குமாயூன் மலைப்பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். அந்நியர் நுழைய முடியாதிருந்த திபெத்தை அளந்து வர, இந்திய நில அளவைத் துறை டேராடூனில் அவருக்குப் பயிற்சி அளித்து அனுப்பியிருந்தது. பௌத்தர்களின் ஜபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவருடைய மாலையிலோ 100 மணிகள்தாம். 100 காலடிகளுக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடிகள். அதாவது ஏறத்தாழ 5 மைல். இவ்வாறு எண்ணியபடியே 1866 ஜனவரியில் அவர் லாசா நகரை அடைந்தார்.

நயின் சிங் காலடிகளை எண்ணியது நிலத்தை அளப்பதற்காக. இன்று கோடிக்கணக்கானோர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு காலடிகளை எண்ணுவது தம் உடலைப் பேணுவதற்காக. வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலருக்கும் இலக்கு அதே 10,000தான். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு மருத்துவ ஆராய்ச்சியின் முடிவு என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. ஜப்பானியரிடையே உடற்பயிற்சியில் ஆர்வம் பெருகியிருந்த அவ்வேளையில், 1965இல், யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ-கெய்’. மான் என்றால் பத்தாயிரம். போ என்றால் காலடி. கெய் என்றால் அளவி. பத்தாயிரம் என்பது சொல்வதற்கு எளிது, நினைவில் நிற்கும், முழு எண். ஒரு வணிகப் பெயருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெயரில் இருந்த எண் நாளடைவில் ஒரு விதி போல உலகெங்கும் பரவிவிட்டது.

பழைய நடை அளவிகளுக்குள் இருந்தது ஓர் எளிய ஏற்பாடுதான். சுருள்வில்லில் தொங்கும் ஒரு சிறு எடை. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் இடுப்பு சற்றே ஏறி இறங்கும்; எடையும் ஆடும்; ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பற்சக்கரம் ஒரு பல் நகரும்.

இன்றைய கருவியிலும் ஆடுவது ஓர் எடையே! ஆனால் அது சிலிக்கனில் செதுக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள எடை. மெல்லிய சிலிக்கன் இழைகள் அதைத் தாங்கி நிற்கின்றன. அதிலிருந்து சீப்பின் பற்கள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள், அசையாத வேறு தகடுகளுக்கு இடையே நிற்கின்றன. இடைவெளி தலைமயிரின் தடிமனைவிட மிகக் குறைவு. எதிரெதிரே நிற்கும் இரண்டு தகடுகள் ஒரு மின்தேக்கி என்பதை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள். கை வீசும்போது எடை சற்றுப் பின்தங்கும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதுபோல. தகடுகளின் இடைவெளி மாறும், மின்தேக்குதிறனும் மாறும். அந்த மாற்றத்திலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் ஆகிய மூன்று திசைகளிலும் இந்த அளவீடு நொடிக்குப் பல முறை நடக்கிறது. இதற்கு முடுக்கமானி என்று பெயர்.

முடுக்கமானிக்குக் காலடி என்றால் என்னவென்று தெரியாது. ஏற்ற இறக்கங்களை மட்டுமே அது தருகிறது. அவற்றுள் சீரான தாளத்தோடு வருபவற்றை, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு என்ற கணக்கில் வருபவற்றை, காலடி என்று தீர்மானிப்பது கருவிக்குள் இருக்கும் கணக்கு நிரல். ஆகவே ஏமாற்றமும் நேரும். மிதிவண்டியில் பத்துக் கிலோமீட்டர் மூச்சிரைக்க மிதித்து வாருங்கள். கை பிடியிலேயே இருந்ததால் அதில் பெரும்பகுதி கணக்கில் சேராது. நாற்காலியில் உட்கார்ந்து கையை வீசுங்கள், நடந்ததாக எண்ணிக்கொள்ளும்!

இதை நான் அனுபவத்திலேயே அறிந்தேன். இக்கட்டுரைக்காக ஒரு மாதம் அப்பட்டையைக் கட்டியிருந்தேன். முதல் வாரம் உற்சாகம். கடைக்கு வண்டியில் போவதை விட்டுவிட்டு நடந்தே போனேன். மூன்றாம் வாரம் ஓர் இரவு எண் 9,640இல் நின்றது. எழுந்து கட்டிலைச் சுற்றி நடந்தேன். அலுத்துப்போனதும் படுத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். பத்தாயிரம் வந்துவிட்டது. யாரை ஏமாற்றினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, கருவியைக் கட்டிக்கொண்டால் மக்கள் அதிகம் நடக்கிறார்களா? நடக்கிறார்கள். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, நடை அளவியைப் பயன்படுத்தியவர்கள் நாள்தோறும் சராசரியாக 2,500 காலடிகள் வரை கூடுதலாக நடந்தனர். தமக்கென ஓர் இலக்கை வைத்துக்கொண்டவர்களிடமே இந்த முன்னேற்றம் தெளிவாகக் காணப்பட்டது. வெறுமனே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதவில்லை.

ஆனால் 2016இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. உடல் எடையைக் குறைக்க விரும்பிய 471 இளைஞர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் ஒரு பிரிவினருக்குக் கருவி தரப்பட்டது. மற்றவர்கள் தம் பயிற்சியைத் தாமே பதிவு செய்துவந்தனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோதான். அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் வேறொன்றைக் காட்டினார். காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தவர்கள் அதிகம் நடந்தார்கள். ஆனால் நடப்பதில் அவர்கள் கண்ட இன்பம் குறைந்திருந்தது. விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது போலும்!

பத்தாயிரத்துக்கு வருவோம். சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களை ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீயும் குழுவினரும் ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். நாளுக்கு 2,700 காலடிகள் நடந்தவர்களைவிட, 4,400 நடந்தவர்களிடையே இறப்பு வீதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. நடை கூடக்கூட இன்னும் குறைந்தது. ஆனால் ஏறத்தாழ 7,500க்கு மேல் மேலும் குறையவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. நடந்ததால் நலமாக இருந்தார்களா, நலமாக இருந்ததால் நடந்தார்களா? இவ்வகை ஆய்வைக் கொண்டு மட்டும் இதை முற்றிலும் பிரித்தறிய முடியாது. மேலும் இது முதியவர்களைப் பற்றிய கணக்கு, உங்களுக்கானது அன்று. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு காலடியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது: நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வேகமாக வாங்கும்படியான உடலுழைப்பு. கபடியும் நீச்சலும் மிதிவண்டியும் இதில் சேரும்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது இக்கருவி இருந்தால் சோதித்துப் பாருங்கள். வாயால் எண்ணியபடி சரியாக 100 காலடிகள் நடங்கள்: ஒரு முறை கையை வீசி, ஒரு முறை புத்தகங்களை மார்போடு அணைத்து, ஒரு முறை மிக மெதுவாக. ஒவ்வொரு முறையும் கருவி காட்டிய எண்ணைக் குறித்து, பிழை எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். கருவி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். சட்டைப் பையில் 50 புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுங்கள். 100 காலடிக்கு ஒரு கொட்டையை மறு பைக்கு மாற்றுங்கள். சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் இரண்டுக்கு இடையே எத்தனை காலடிகள் என்று முன்னதாக எண்ணி வைத்திருந்தால், வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தொலைவு என்பதும் தெரிந்துவிடும். வழியில் நண்பர்கள் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறும். நயின் சிங்குக்கும் அந்தத் தொல்லை இருந்திருக்கும்.