எஃப்12-ஐ யார் எடுத்தது?

"எடிட்டரை அப்டேட் பண்ணினேன், நான் வைத்திருந்த ஷார்ட்கட் எல்லாம் போச்சு" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: போயே போய்விட்டதா, இல்லை இருந்தும் வேலை செய்யவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

கொல்கத்தாவின் கரியாஹாட்டில், கோல்பார்க் பக்கம் குடியிருக்கும் ஓர் அக்கா இதே கேள்வியோடு வந்தார். வங்காளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர். லேக் மார்க்கெட் வட்டாரத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களைப் போல அவருக்கும் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். கணினியிலும் அதே கதை. வங்காளம் அடிக்க அவ்ரோ, தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர், இரண்டையும் எழுதிச் சேமிப்பது நோட்பேட் பிளஸ் பிளஸில். மண்குவளையில் டீ வந்ததும் ஆரம்பித்தோம்.

"புது வெர்ஷன் என் பழைய செட்டிங்கை அழிச்சிடுமா தம்பி?"

அழிக்காது, அக்கா. இன்ஸ்டாலர் மாற்றுவது நிரலை மட்டும். நீங்கள் வைத்த ஷார்ட்கட்கள் வேறிடத்தில், ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில், ஷார்ட்கட்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற சின்னக் கோப்பாக இருக்கின்றன. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஃபோல்டர் திறக்கும்; அதற்குள் நோட்பேட் பிளஸ் பிளஸ் பெயரில் ஒன்று இருக்கும். மெனுக் கட்டளைகளைப் பொறுத்தவரை, நீங்கள் மாற்றியவை மட்டுமே அந்தக் கோப்பில் பதிவாகும். மாற்றாதவை நிரலுக்குள்ளேயே கிடக்கின்றன. விசைகளை அது எண்களாக எழுதி வைக்கும்: ஏ என்றால் 65, எஃப்12 என்றால் 123. திறந்து பார்த்து மிரள வேண்டாம்.

அப்படியானால் உண்மையிலேயே காணாமல் போவது எப்போது? பெரும்பாலும் ஜிப்பாக இறக்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கு. அந்த வகையில் டூலோக்கல்கான்ஃப் என்ற ஒரு வெற்றுக் கோப்பு நிரலோடு கூடவே வரும். அது இருந்தால் எடிட்டர் ஆப்டேட்டா பக்கம் போகாது. செட்டிங் எல்லாம் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே தங்கிவிடும். புது ஜிப்பைப் புது ஃபோல்டரில் விரித்தால் பழைய ஷார்ட்கட்கள் பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன, யாரும் தொடவில்லை. எடிட்டரை மூடிவிட்டு அந்த ஒரு கோப்பை எடுத்துப் புதிய இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. மூடிவிட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். திறந்திருக்கும் எடிட்டர் மூடும்போது தன் நினைவில் இருப்பதை அதே கோப்பின் மேல் எழுதிவிடலாம்.

ப்ளகின் ஷார்ட்கட்கள் இன்னொரு ரகம். இவற்றைக் கட்டளையின் பெயரால் எடிட்டர் நினைவில் வைப்பதில்லை. எந்த ப்ளகின், அதன் பட்டியலில் எத்தனையாவது கட்டளை என்று எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. ப்ளகின் எழுதியவர் புது வெர்ஷனில் நடுவே ஒரு கட்டளையைச் செருகினால், உங்கள் ஷார்ட்கட் பக்கத்துக் கட்டளையைப் போய் இயக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறினாலோ பழைய ப்ளகின் ஏறவே ஏறாது. ப்ளகினே இல்லாத இடத்தில் அதன் ஷார்ட்கட்டைத் தேடி என்ன பயன்?

ஆனால் அக்காவுக்கு இவை எதுவும் இல்லை. கோப்பு இருந்தது, வரிகளும் அப்படியே இருந்தன. அவர் ஒரு வேலைக்கு எஃப்12-ஐக் கொடுத்திருந்தார், அது அசையவில்லை.

கரியாஹாட் நடைபாதையில் நடந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். புடவைக் கடை உள்ளே இருக்கும், அதன் வாசலுக்கு முன்னால் நடைபாதைக் கடைக்காரர் இருப்பார். போகிறவரை முதலில் கூப்பிடுவது அவர்தான். அவரிடமே வாங்கித் திரும்பிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஆள் வந்ததே தெரியாது. விசைப்பலகையிலும் நீங்கள் அழுத்துவது நேராக எடிட்டருக்குப் போவதில்லை. வழியில் அவ்ரோ, என்எச்எம் ரைட்டர் போன்றவை நின்று பார்க்கின்றன. தன்னுடையது என்று தெரிந்தால் அங்கேயே எடுத்துக்கொள்கின்றன.

அவ்ரோ, வங்கதேசத்தில் மருத்துவ மாணவராக இருந்த மெஹ்தி ஹசன் கான் 2003-இல் வெளியிட்டது. ரோமன் எழுத்தில் ஒலியை அடித்தால் வங்காளம் வரும். கொல்கத்தாவிலும் அதில் அடிப்பவர்கள் ஏராளம். வங்காளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, அது தொடக்கத்திலேயே வைத்திருக்கும் விசை எஃப்12. நோட்பேட் பிளஸ் பிளஸிலோ எஃப்12 என்றால் போஸ்ட்-இட்: மெனு, தலைப்புப் பட்டை எல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். அவ்ரோ ஓடாத நாளில் பழக்கத்தில் எஃப்12-ஐத் தட்டி, மெனுவைக் காணோமே என்று பதறுகிறவர்கள் உண்டு. மறுபடி எஃப்12, அவ்வளவுதான்.

தமிழ்ப் பக்கமும் இதே இழுபறி. நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டரில் ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்தினால் தமிழ் விசைப்பலகை மாறும். நோட்பேட் பிளஸ் பிளஸில் ஆல்ட்டோடு 1 முதல் 8 வரை, கோப்பின் பகுதிகளைப் படிப்படியாகச் சுருட்டி மடிக்கும் கட்டளைகள். புது வெர்ஷன் போட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தபின் எந்தத் தட்டச்சுக் கருவி தானாக ஏறியது, எது ஏறவில்லை என்பதைப் பொறுத்து, ஒரே விசை ஒரு நாள் தமிழ் தரும், மறுநாள் பாதிக் கோப்பை மடித்துவிடும். பழியோ அப்டேட்டின் மேல் விழும்.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டச்சுக் கருவிகளை மூடிவிட்டு விசையை அழுத்துங்கள். வேலை செய்தால் தகராறு வெளியே. அவ்ரோவின் மாற்று விசையை அதன் அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் அசையாவிட்டால் தகராறு எடிட்டருக்குள். செட்டிங்ஸ் மெனுவில் ஷார்ட்கட் மேப்பரைத் திறந்து உங்கள் கட்டளையைத் தேடினால், அதே விசையை வேறு எது பிடித்திருக்கிறது என்று அடியில் காட்டும். புது வெர்ஷனில் வந்த புதுக் கட்டளை உங்கள் விசையோடு மோதினால் இங்கே பிடிபடும்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் பயன்படுத்துவோருக்கும் அடிப்படை இதுதான், கோப்பின் பெயர் கீபைண்டிங்ஸ்.ஜேசன். அதன் விதி ஒன்று எனக்குப் பிடிக்கும்: கீழிருந்து மேலாகப் படிக்கும், முதலில் பொருந்துவதை எடுக்கும். உங்கள் வரிகள் எப்போதும் கடைசியில் சேர்வதால் உங்கள் சொல்லே செல்லும். வேண்டாத பழைய ஷார்ட்கட்டை நீக்க, கட்டளைப் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும்.

இரண்டாம் டீ வந்தபோது அக்கா விடவில்லை. "ரூபாய்க் குறி வரமாட்டேங்குதே, அது யார் வேலை?" அவருடையதேதான். 2010-இல் அரசு ஏற்ற ₹ குறி, நம் உதயகுமார் வடிவமைத்தது, விண்டோஸின் இந்திய ஆங்கில விசைப்பலகையில் வலது ஆல்ட்டோடு 4. வலது ஆல்ட்டை விண்டோஸ் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே எண்ணுகிறது. அக்காவோ கண்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து ஒரு மேக்ரோவுக்குக் கொடுத்திருந்தார். மேக்ரோவை எஃப்9-க்கு மாற்றினோம், ₹ வந்தது.