கைத்தொழிலும் கைப்பேசியும்

இளம் அறிவியல் (கணிதம்), இரண்டாம் ஆண்டு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. வாணிகம் செய்வோர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை இல்லை என்பேன். கையிலே கைப்பேசி இருந்தால் வீட்டுத் திண்ணையே கடையாகிவிடும் என்று இன்று பலரும் சொல்லுகிறார்கள். உண்மைதான். ஆனால் அளக்கத் தெரியாதவனுக்குத் திண்ணைக் கடையும் நட்டமே தரும். நான் பட்டறிந்ததை, நண்பர்களுக்குப் பயன்படுமே என்று இங்கு எழுதுகிறேன்.

நம் வட்டாரம் கைத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் விநாயகர் சிலைகள் செய்கிறார்கள். 2019-இல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் இருக்கிறது, செய்பவர் வீட்டில் பணம் இருக்கிறதா? நவராத்திரிக்கு முன் வியாபாரி வருவார். அவர் சொன்னதே விலை. பண்டிகை கழிந்தால் அச்சும் தூரிகையும் பரணுக்குப் போய்விடும்.

எங்கள் வீடும் அத்தகையதே. என் அன்னை காகிதக் கூழில் மரவள்ளிக்கிழங்கு மாவு கலந்து, அச்சில் பதித்து, காயவைத்து, வர்ணம் தீட்டிக் கொலுப் பொம்மைகள் செய்வார். நான் நாள்தோறும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இரயிலில் வந்து படிப்பவன். அவற்றை நாமே விற்றால் என்ன என்ற எண்ணம் சென்ற ஆண்டு அந்தப் பயணத்தில்தான் எழுந்தது.

முதலாவது, விலை. பொருட்செலவு 40 ரூபாய், பெட்டியும் அஞ்சலும் 90 ரூபாய். ஆகவே 180 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் இலாபம் என்று கணக்கிட்டேன். ஆறு பொம்மைகள் விற்றன. 300 ரூபாய் இலாபம் என்று பெருமையுடன் நோட்டைக் காட்டினேன். அம்மா கேட்டார்: “ரெண்டு நாளு குந்திக்கினு வர்ணம் அடிச்சனே, அது இதுல எங்கடா இருக்குது?” கணிதம் படிக்கும் எனக்குப் பதில் வரவில்லை. நான் இலாபம் என்று எழுதியது அவருடைய கூலியைத்தான். அதுவும் முழுக் கூலி அன்று. அன்று முதல் பொருள், உழைத்த நேரம், பெட்டி, அஞ்சல், உடைசல் ஆகிய ஐந்தையும் கூட்டியே விலை வைக்கிறோம். விலை 320 ரூபாய் ஆயிற்று. கேட்பவர் குறைந்தனர், ஆனால் வாங்கியவருள் சிலர் மறுபடியும் வந்தனர்.

இரண்டாவது, பெட்டி. பொம்மை அரைக் கிலோவும் இல்லை. ஆனால் தனியார் கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. வரும் எண்ணுக்கும் உண்மை எடைக்கும் எது மிகுதியோ அதற்கே கட்டணம். 30, 30, 25 அளவுள்ள பெட்டி 4.5 கிலோவாகக் கணக்காகிறது. 20, 15, 15 அளவுள்ளதோ 0.9 கிலோதான். ஆகவே பொம்மைக்குத் தக்க பெட்டியைத் தேடுவது, விளம்பரம் தேடுவதைவிட முக்கியம். இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளை இறுக்கித் திணித்தால் உடைசலும் குறையும்.

மூன்றாவது, விளம்பரம். இதற்கு நாங்கள் காசு செலவழிக்கவில்லை. காலை வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் படம் எடுக்கிறோம். பக்கத்தில் ஒரு காப்பித் தம்ளரை வைப்பது வழக்கம். அளவு தெரியாமல் வாங்கிய ஒருவர், பொம்மை சிறியது என்று திருப்பி அனுப்பியதால் கற்ற பாடம் இது. வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் இலவசச் செயலியில் படமும் விலையும் பட்டியலாக வைக்கலாம். அம்மா கடைசியாகப் பொம்மைக்குக் கண் திறக்கும் காட்சியை அரை நிமிடப் படமாக இன்ஸ்டாகிராமில் இட்டோம். மற்றெல்லாவற்றையும்விட அதுவே ஆட்களைக் கொண்டுவந்தது. நவராத்திரிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நலம்.

நான்காவது, பணமும் சட்டமும். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் பணம் பெறுவது எளிது. ஆனால் பணம் பெற இரகசிய எண்ணை இடவேண்டியதே இல்லை. இடச் சொல்பவர் ஏமாற்றுக்காரர். 2020-இல் தொடங்கிய உத்யம் பதிவு இலவசமானது. அதற்குத் தரகர் எதற்கு? தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புமுன் மட்டும் விதிகளை விசாரித்தறிய வேண்டும்.

இவ்வளவு செய்தும் நாங்கள் செல்வந்தராகிவிடவில்லை. ஓராண்டில் இணையவழி விற்றவை 41 பொம்மைகளே. ஆயினும் இந்த ஆண்டு வியாபாரி வந்தபோது, அம்மா முதன்முறையாகத் தம் விலையைச் சொன்னார். சிறிது நேரம் தயங்கிய வியாபாரி, பாதிப் பொம்மைகளை அவ்விலைக்கே எடுத்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கற்ற கணக்கு வீட்டுக்கு உதவிற்று என்று சொல்ல இந்த ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டில் கைத்தொழில் உள்ள நண்பர்களே, நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் முதல் பத்தியாக அம்மாவின் கூலியை எழுதுங்கள்.