பனியன் மாதிரி வெட்டி ஒட்டிய விமானம்!

தாராபுரத்திலிருந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் ஓர சீட் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று காற்றாலைகள் நின்றுகொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது அல்லவா? ஜூன் மாதம் பிறந்ததும் கேரளாவிலிருந்து அந்த வழியாக நுழைந்து வருகிற காற்று, இவற்றைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிடும்.

அந்தக் காற்றாலையின் இறக்கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் என்ன வடிவம் தெரியும்? முன்பக்கம் உருண்டு, மேல்பக்கம் வளைந்து, பின்பக்கம் கத்தி போல மெலிந்து... அட, விமானத்தின் இறக்கை! இரண்டும் ஒரே குடும்பம்தான். நிற்கிற இடத்திற்குக் காற்று ஓடி வந்தால் காற்றாலை. காற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கை ஓடினால் விமானம்.

தாராபுரத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால், ஒரு விமானம் செய்ய விமான நிலையம் எதற்கு? ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும்! உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். செய்வதோடு நிற்காமல், 'இந்தா, நீயும் ஓட்டிப் பார்' என்று இலவசமாகக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

இதற்கெல்லாம் இடம் தருகிற விளையாட்டுகளில் ஒன்றின் பெயர் 'பிளைட்கியர்'. 1996-ல் டேவிட் மர் என்ற அமெரிக்கர், 'நாமே சேர்ந்து ஒரு விமான விளையாட்டை உருவாக்கினால் என்ன?' என்று யோசனை சொன்னார். கர்ட் ஆல்சன் என்பவர் அதைக் கையில் எடுத்துக்கொள்ள, 1997-ல் முதல் பதிப்பு வந்தது. சம்பளம் கிடையாது, கம்பெனி கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் இரவில் உட்கார்ந்து எழுதிய விளையாட்டு அது. இன்றைக்கு அதில் ஓட்ட நூற்றுக்கணக்கான விமானங்கள் இருக்கின்றன. 1903-ல் ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்தார்களே, அந்த விமானமும் உண்டு!

சட்டை தைப்பது போலத்தான்!

கம்ப்யூட்டரில் விமானம் செய்வது எப்படி? திருப்பூர், தாராபுரம் பக்கத்துக் குட்டீஸுக்கு இது சட்டென்று புரிந்துவிடும் பாருங்கள்.

முதலில் விமானத்தின் மூன்று படங்கள் வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, மேலேயிருந்து எப்படி என்று. 'பிளெண்டர்' என்ற மென்பொருளில் (அதுவும் இலவசம்தான்) இந்தப் படங்களை வைத்துக்கொண்டு, சின்னச் சின்னக் கட்டங்களாக வலை பின்னி, உடம்பு, இறக்கை, வால் என்று உருவம் கொண்டு வருவார்கள். இப்போது விமானம் மொட்டையாக, சாம்பல் நிறத்தில் நிற்கும்.

அடுத்து வண்ணம் பூச வேண்டும். உருண்டையான பொருளின்மேல் தட்டையான படத்தை ஒட்டுவது எப்படி? இங்கேதான் பனியன் கம்பெனி ஞாபகம் வர வேண்டும். ஒரு டி-ஷர்ட்டை முழுசாக வெட்ட முடியுமா? முன்பக்கம், முதுகுப்பக்கம், இரண்டு கை, கழுத்துப் பட்டி என்று தனித்தனியாகத் துணியில் வரைந்து, கட்டிங் மாஸ்டர் வெட்டுவார். பிறகு தைத்தால் உடம்புக்கு ஏற்ற மாதிரி உருண்டு வரும். விமானத்திலும் அதே கதைதான்! அதன் தோலை உரித்து, துண்டு துண்டாகத் தட்டையாக விரித்துப் போடுவார்கள். அந்தத் துண்டுகளின்மேல் வண்ணம், பெயர், தேசியக் கொடி எல்லாம் வரைந்து, திரும்பவும் உடம்போடு ஒட்டிவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டைப் பயன்படுத்தினால் வேலை பாதியாகக் குறையும். ஆனால், ஒரு பக்கத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைமாறித் தெரியும்! புதிதாகச் செய்கிறவர்களின் விமானங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பறக்க வைப்பது எது?

சரி, அழகான விமானம் தயார். பறக்குமா? ஊஹூம். அது வெறும் பொம்மை. பறக்க வைப்பது எண்கள்தான்!

பிளைட்கியரில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் எழுத்துக் கோப்பு உண்டு. பூட்டு, சாவி எதுவும் இல்லை. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். உதாரணத்துக்கு, உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (44 ஆயிரத்துக்கும் மேல்!). இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 11 மீட்டர். என்ஜின் 160 குதிரைத் திறன். எடை ஏறக்குறைய 1,100 கிலோ வரை போகலாம். இப்படி வரிசையாக எண்கள். நீங்கள் கைப்பிடியை இழுத்ததும் இந்த எண்களை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இறக்கை எவ்வளவு தூக்குகிறது, காற்று எவ்வளவு தடுக்கிறது என்று விநாடிக்குப் பல முறை கணக்கு... கணக்கு... கணக்கு! திரையில் நாம் பார்க்கிற பறத்தல், அந்தக் கணக்கின் விடை.

ஆண்டி ராஸ் என்பவர் எழுதிய ஒரு முறை இன்னும் சுவாரஸ்யமானது. விமானத்தின் அளவுகளையும், 'இது இந்த வேகத்தில் பறக்கும், இந்த வேகத்தில் தரையிறங்கும்' என்பதையும் மட்டும் சொன்னால் போதும். மற்ற எண்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். எக்ஸ் என்ன என்று கணக்கு வகுப்பில் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி.

எல்லா எண்களிலும் ரொம்பப் பொல்லாதது ஒன்று உண்டு. விமானத்தின் எடை எந்த இடத்தில் மையம் கொள்கிறது என்பதுதான் அது. இதைச் சோதிக்கக் கம்ப்யூட்டரே தேவையில்லை. பழைய நோட்டுத் தாளில் ஒரு கூர்மூக்கு விமானம் மடியுங்கள். ஒரு ஜெம் கிளிப்பை மூக்கில் மாட்டி வீசுங்கள். நேராக, சமர்த்தாகப் போகும். அதே கிளிப்பைக் கழற்றி வாலில் மாட்டி வீசுங்கள். மூக்கைத் தூக்கும், திணறும், குட்டிக்கரணம் போட்டு விழும்! ஒரே தாள், ஒரே கிளிப், இடம்தான் வேறு. கோப்பிலும் அப்படித்தான். அந்த ஓர் எண்ணைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால், எத்தனை அழகாக வண்ணம் பூசிய விமானமும் ஓடுபாதையைத் தாண்டியதும் தலைகுப்புற விழும்.

இந்தத் தப்பை யார் கண்டுபிடிப்பார்கள்? பெரும்பாலும் செய்தவர் அல்ல. வாங்கி ஓட்டிப் பார்த்தவர்தான்! கோப்பு திறந்தே இருப்பதால், அவரே எண்ணைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிடலாம். ஜெர்மனியில் ஒருவர் உடம்பு செய்வார். இன்னொரு நாட்டில் ஒருவர் என்ஜின் சத்தம் சேர்ப்பார். வேறொருவர் விமானியின் முன்னால் இருக்கிற கடிகாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பொருத்துவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்!

தனக்குத்தானே மார்க்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பிளைட்கியரில் ஒரு விமானத்துக்கு நான்கு பாடங்களில் மார்க் உண்டு. பறக்கும் விதம், உள்ளே இருக்கிற கருவிகளின் இயக்கம், விமானி அறை, வெளித்தோற்றம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மார்க் போடுவது யார் தெரியுமா? செய்தவரே! எதற்கு எத்தனை மார்க் என்று விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து, 'வெளித்தோற்றம் 4, விமானி அறை 1' என்று தன் விமானத்துக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். பொய் மார்க் போட்டால் ஓட்டிப் பார்த்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும். பரீட்சை பேப்பரை நாமே திருத்தலாம் என்று சொன்னால்... சரி, அந்தப் பேச்சு வேண்டாம்!

ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. 'ஜி.பி.எல்.' என்று அந்த உரிமத்துக்குப் பெயர். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால், வாங்குகிறவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும். செய்தவருடைய உரிமைக் குறிப்பை அழிக்கவும் கூடாது.

2009, 2010 வாக்கில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பிளைட்கியரை எடுத்து, வேறு பெயர் சூட்டி, தங்கள் சொந்தச் சரக்கு போலப் பளபளவென்று விளம்பரம் செய்து, இணையத்தில் காசுக்கு விற்றார்கள். இலவசமாகவே கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கியவர்கள் உண்டு. உண்மையில் உருவாக்கியவர்களுக்குக் கோபம் வராதா? பணம் போனதற்காக இல்லை. அவர்கள்தான் பணமே கேட்கவில்லையே! இரவெல்லாம் உட்கார்ந்து செய்த வேலையில் தங்கள் பெயரே தெரியாமல் போனதற்காக. 'இது எங்கள் விளையாட்டு, இலவசமாகவே கிடைக்கும்' என்று அவர்கள் அறிக்கை வெளியிட வேண்டியதாகிவிட்டது. நண்பன் நோட்டைப் பார்த்து எழுதுவது ஒன்று. அட்டையில் அவன் பெயரைக் கிழித்துவிட்டு நம் பெயரை ஒட்டுவது வேறொன்று, இல்லையா?

சூலூரில் ஒரு நிஜம்!

'இதெல்லாம் விளையாட்டுதானே' என்று யாராவது சொன்னால், கோவைக்குப் பக்கத்தில் இருக்கிற சூலூரைக் காட்டுங்கள். அங்குள்ள விமானப்படைத் தளத்துக்கு 2018-ல் 'தேஜஸ்' போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. நம் நாட்டிலேயே வடிவமைத்த விமானம் அது.

தேஜஸ் ஒரு குறும்புக்கார விமானம். வாலில் கிளிப் மாட்டிய காகித விமானம் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே மாதிரி, வேண்டுமென்றே நிலை இல்லாமல் செய்திருக்கிறார்கள்! சட்டென்று திரும்ப அது உதவும். கீழே விழாமல் பிடித்துக்கொள்வது யார்? விமானத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்கள்தான். விமானி ஒன்று நினைக்கும் முன் அவை பல முறை திருத்திவிடும். அந்தக் கணக்கில் ஓர் எண் தப்பினால் ஓர் உயிர் போய்விடும்.

அதனால், நிஜ தேஜஸ் பறப்பதற்கு முன் பெங்களூரில் பொய் தேஜஸ்தான் பறந்தது. தரையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் விமானத்தில் விமானிகள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகினார்கள். 1996-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்காவில் 'விஸ்டா' என்று ஒரு எப்-16 விமானம் உண்டு. மற்ற விமானங்களைப் போல மிமிக்ரி செய்வதுதான் அதன் வேலை! அதில் தேஜஸின் கணக்கை ஏற்றி, வானத்திலேயே பறந்து பார்த்தார்கள். கடைசியில் 2001 ஜனவரி 4-ந் தேதி, விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் நிஜ தேஜஸை முதன்முதலாக ஓட்டினார். சுமார் 18 நிமிடம் பறந்துவிட்டுப் பத்திரமாக இறங்கினார்.

பொய் விமானத்தில் பழகுகிற வழக்கம் பழையது. 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் அதை ஆரம்பித்து வைத்தார். அவர் அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்கிற தொழிற்சாலை. ஆர்மோனியத்தில் காற்று ஊதும் துருத்தி பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி துருத்திகளை ஒரு மரப் பெட்டிக்கு அடியில் வைத்து, அதை விமானம் போலச் சாயவும் ஆடவும் வைத்தார். ஆரம்பத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ராட்டினத்துக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம்! 1934-ல் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோன அமெரிக்க ராணுவ விமானிகள் பலர் அடுத்தடுத்து இறந்த பிறகுதான், ராணுவம் ஓடி வந்து வாங்கியது.

தாராபுரத்துக்கு ஒரு டிரிப்!

நீங்களும் ஆரம்பிக்கலாம். அப்பா, அம்மா அல்லது கம்ப்யூட்டர் தெரிந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளைட்கியரை இறக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய கோப்பு, பொறுமை வேண்டும். செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? 2015-ல் வந்த 'சிம்பிள்பிளேன்ஸ்' என்ற விளையாட்டிலும் துண்டு துண்டாகக் கோத்து விமானம் கட்டலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால், அதற்குக் காசு உண்டு.

முதல் நாளே புது விமானம் செய்ய வேண்டாம். செஸ்னாவின் விரித்துப் போட்ட 'துணி'யை எடுத்து, உங்களுக்குப் பிடித்த வண்ணம் பூசுங்கள். நம் நாட்டு விமானங்களின் பதிவு எண் 'வி.டி.' என்றுதான் தொடங்கும். அதையும் எழுதுங்கள். எழுத்து தலைமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

பிறகு கோவை விமான நிலையத்துக்குப் போங்கள். அதன் குறியீடு வி.ஓ.சி.பி. (தென்னிந்திய விமான நிலையங்கள் வி.ஓ. என்றுதான் ஆரம்பிக்கும். சென்னை வி.ஓ.எம்.எம்., மதுரை வி.ஓ.எம்.டி.) ஏறத்தாழ 3 கிலோ மீட்டர் நீள ஓடுபாதை. குட்டி செஸ்னாவுக்கு அது பெரிய மைதானம். மேலே ஏறியதும் திசைகாட்டியில் 120 டிகிரி, அதாவது தென்கிழக்கு. இடது பக்கம் சூலூர், அப்புறம் பல்லடம். வலது பக்கம் தூரத்தில் ஆனைமலைத் தொடர் நிமிர்ந்து நிற்கும். அந்த மலைகள் கற்பனை இல்லை. 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் 'எண்டவர்' விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி வந்து பூமியின் மேடு பள்ளங்களை அளந்தது. அந்த அளவுகளையும் வைத்துத்தான் இந்த விளையாட்டின் நிலத்தை அமைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் பயணம். வானத்தில் நேர்க்கோட்டில் 62 கிலோ மீட்டர். செஸ்னா மணிக்கு 225 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் பதினேழாவது நிமிடத்தில் கீழே அமராவதி ஆறு, அதை ஒட்டித் தாராபுரம்! இறங்க ஓடுபாதை இல்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டு 300 டிகிரியில் கோவைக்குத் திரும்புங்கள்.

இன்னொரு நாள், அதே பயணத்தை ஆடிக் காற்றோடு ஓட்டிப் பாருங்கள். விளையாட்டிலேயே மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோ மீட்டர் காற்று வைத்துக்கொள்ளலாம். போகும்போது காற்று முதுகில் தள்ள, 14 நிமிடத்தில் தாராபுரம். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். 20 நிமிடம் ஆகும். எரிபொருளைப் பார்த்துப் போடுங்கள்!