கெம் புதிது, டெப்பட் பழையதா?

பழைய மொறிஸ் மைனரையும் மினியையும் தேடிப் பிடித்துத் திருத்தும் ஆசை நம் வாவிக்கரை வாலிபர்கள் சிலருக்கும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே இன எஞ்சின். 1951இல் ஒஸ்டின் ஏ30 காரோடு வந்த ஏ-சீரிஸ். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ரேஸ் கெம் ஷாப்ட் கேட்கிறார்கள்.

"காக்கா, கெம் மட்டும் தாங்க. டெப்பட் பழசு நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். எட்டு டெப்பட்டும் சேராமல் நான் கெம் விற்பதில்லை. கெம்மின் மேடு சற்றே சரிவாகவும் டெப்பட்டின் அடி மிக நுண்ணிதாகக் குவிந்தும் கடையப்பட்டிருக்கும். அதனால்தான் டெப்பட் சுழன்றுகொண்டே வேலை செய்கிறது. பழைய மேட்டில் தேய்ந்த டெப்பட் புதிய மேட்டில் சரியாகச் சுழலாது. ஒரே இடத்தில் உரசி அரைமணி நேரத்தில் மேட்டைத் தின்றுவிடக்கூடும். இரும்புத்தூள் ஒயிலோடு போய் பெயரிங்கையும் கெடுக்கும். பழி மட்டும் கடைக்காரன் தலையில்!

வால்வு ஸ்பிரிங் மெலிந்திருந்தால் அதிவேகத்தில் வால்வு கெம்மைப் பின்தொடராமல் மிதக்கும். அதற்காக "பலமானதே நல்லது" என்பது கராஜ் பேச்சு. மிஞ்சிய பலம் கெம்மைத்தான் தேய்க்கும். கெம் தயாரித்தவர் சொன்ன அழுத்தமே கணக்கு. ஸ்பிரிங்கைத் தராசில் வைத்து, வால்வு மூடியிருக்கும்போது அது நிற்கும் உயரத்துக்கு மேசை ட்ரில்லால் அமுக்கினால் எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். வால்வு முழுதாகத் திறக்கையிலும் சுருள்கள் முட்டாமல் 1.5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும்.

நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் துருப்புள்ளி விழுந்த ஸ்பிரிங்கைப் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். வெடிப்பு அந்தப் புள்ளியில்தான் தொடங்கும்.

இனி முதல் ஓட்டம். மேடுகளிலும் டெப்பட் அடியிலும் மொலி பேஸ்ட் பூசுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். 2004இல் வந்த எஸ்.எம். தரம் மெல்லிய ஒயில்களில் பொஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குக் குறைத்தது. தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மானமும் அதோடு குறைந்தது. ஆகவே அந்தச் சேர்மானம் போதிய அளவுள்ள 20டபிள்யூ-50 கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர், பெற்றோல், டைமிங் எல்லாம் சரிபார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டரை நீட்டி அடிக்கக் கூடாது. பிடித்ததும் ஸ்லோவில் விடாதீர்கள். மேடுகளுக்கு ஒயில் பெரும்பாலும் தெறித்தே போகிறது. ஸ்லோவில் அது போதாது. நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுவரை ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஒயிலையும் பில்டரையும் மாற்றி, உள் ஸ்பிரிங்கைப் பூட்டி, டெப்பட் இடைவெளியை மறுபடி அளந்து வையுங்கள்.