பூந்தமல்லியில் ஒரு ஜாமீன் மனு

ஆவடிச் சாலை பிரியும் கரையான்சாவடியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்போரில் பெரும்பாலோர், அவ்வட்டாரத்தில் உள்ள சிறப்பு நியாயஸ்தலத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. துப்பாக்கி ஏந்திய காவலரோடு போலீஸ் வேன் ஒன்று கடந்து போனால்தான், இன்றைக்கு என்ன கேஸ் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடாவின்கீழ் விசாரித்ததும், பின்னர் பொடா வழக்குகளை ஏற்றதும், இன்று என்.ஐ.ஏ. தொடுக்கும் வழக்குகளைக் கேட்பதும் பூந்தமல்லியே.

திருட்டிலோ அடிதடியிலோ சிக்கியவன் ஜாமீன் கேட்டால், அவன் ஓடிவிடுவானா, சாட்சிகளைக் கலைப்பானா, வெளியே போய் மறுபடியும் அதையே செய்வானா என்பவையே நீதிபதியின் பிரதான கவலைகள். குற்றம் செய்தானா என்பது பிற்பாடு விசாரணையில் தீர வேண்டிய விஷயம். 'உபா' என்று வழங்கும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமோ இந்த வரிசையையே புரட்டிவிடுகிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் சேர்க்கப்பட்ட 43 டி பிரிவின் 5ஆம் உட்பிரிவின்படி, பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டவரின் மனு வந்ததும், அரசு வக்கீலின் வாதத்தைக் கேட்டு, கேஸ் டைரியையோ குற்றப்பத்திரிகையையோ புரட்டி, குற்றச்சாட்டு முகத்தோற்றத்தில் மெய்யென்று நம்ப நியாயமான ஆதாரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால், ஜாமீன் கிடையாது. அக்காகிதங்களையும் துருவிப் பார்த்து எடைபோடலாகாது என்று 2019இல் வடாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டபடியால், குறுக்கு விசாரணையின் வாசனையே படாத வாக்குமூலம், ஜாமீன் கட்டத்தில், ஏறக்குறைய நிரூபணத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிடுகிறது. எதிர்த்தரப்புக்கு எஞ்சும் ஒரு சந்து, குற்றப்பத்திரிகைக்கான காலக்கெடு: சாதாரணமாக 90 நாள், கோர்ட்டார் நீட்டித்தால் 180 நாள், அது தவறினால் ஜாமீன் உரிமையாகிவிடும் என்பதால், வக்கீல்கள் காலண்டரின் மேல் ஒரு கண் வைத்தே இருப்பார்கள்.

காவலில் கழியும் காலத்தின் கனம் பூந்தமல்லிக்குப் புதிதல்ல. ராஜீவ் வழக்கில் 1998 ஜனவரி 28ஆம் தேதி 26 பேருக்கும் இங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்தும் தடாவிலிருந்தும் விடுவித்தபோது, 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிடிபட்டவர்களுக்கு வாழ்வின் ஒரு பகுதி சிறையிலேயே போய்விட்டிருந்தது.

பொடாவைக் கொடிய சட்டம் என்று ஏசியவர்களில் எத்தனை பேர், அதில் உபாவில் இல்லாத ஒரு தயவு இருந்ததைக் கவனித்தார்களோ தெரியாது. ஜாமீனுக்கான கடும் நிபந்தனை காவலின் முதல் ஓராண்டுக்கே என்றும், அதன்பின் சாதாரண விதிப்படி கேட்கலாம் என்றும் 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்துக்கு வியாக்கியானம் செய்தது. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் கைதான வைகோ, 2004 பிப்ரவரியில் ஜாமீனில் வெளிவந்தார். பொடா 2004இல் ரத்தாயிற்று. நான்கு ஆண்டு கழித்துக் கடும் நிபந்தனை உபாவுக்குள் புகுந்தபோது, அந்த ஓராண்டு எல்லையை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள்.

விட்டுப்போன எல்லையை நீதிபதிகளே தேடவேண்டி வந்தது. கேரளத்துப் பேராசிரியரின் கை வெட்டப்பட்ட வழக்கில், ஐந்தாண்டுக்கு மேல் காவலில் இருந்த நஜீபுக்கு இன்னும் 276 சாட்சிகள் பாக்கி இருந்தனர். விசாரணை விரைவில் முடியாதெனில், 21ஆம் ஷரத்து காக்கும் சுதந்திரத்தின் பொருட்டு உயர் நீதிமன்றம் ஜாமீன் தரலாம், உபா அதற்குக் குறுக்கே நிற்காது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. ஆனால் 2023 அக்டோபரில், தடைசெய்யப்பட்ட பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பைச் சார்ந்ததாகச் சொல்லப்பட்ட எட்டுப் பேருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஜாமீனை, 2024 மே 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்கள் காவலில் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே என்பதும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டது.

ஒன்றரை ஆண்டு போதாது, ஐந்தாண்டு அதிகம் என்றால், இடையில் மூன்றாவது ஆண்டில் இருக்கும் கைதி என்ன சொல்லி மனுப்போடுவான்? பூந்தமல்லியில் மனு தள்ளுபடியானதும் அவன் வக்கீல் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அப்பீலோடு போவார். நஜீப் தீர்ப்பை ஒரு தரப்பும் வடாலி தீர்ப்பை மறுதரப்பும் வாசிக்கும். பொடாவில் இருந்த ஓராண்டை பார்லிமென்ட் உபாவிலும் எழுதிவைத்திருந்தால் இவ்வாதத்துக்கே தேவை இருந்திராது என்பது என் அபிப்பிராயம்.