மூன்று வினாடி, ஒரு கிலோ விசை

25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் இரண்டாம் பாதியில் எல்லாமே மூன்று வினாடிக் கணக்குதான். சிவப்பு விளக்கு எரியும்போது சுடுபவர் கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். பச்சை விழுந்ததும் கையை உயர்த்தி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு. மூன்று வினாடி முடிந்தால் மறுபடி சிவப்பு. ஏழு வினாடி காத்திருப்பு. மறுபடி பச்சை. ஐந்து முறை இப்படி நடந்தால் ஒரு தொடர் முடியும். இடையில் துப்பாக்கியைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற நேரம் கிடையாது. அந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள். இதைத்தான் அரைத்தானியங்கி என்கிறோம்.

டெல்லியின் தென்கோடியில், துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தில் இந்தப் போட்டி நடக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய தளம் அது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகப் புதுப்பித்தார்கள். பெயருக்குரிய பிகானேர் மகாராஜா கர்ணி சிங், 1960இல் தொடங்கி ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். இன்று நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் இங்கே வருகிறார்கள். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஏர் பிஸ்டலில் கை பழகி, 25 மீட்டருக்குப் பிள்ளை நகரும் கட்டத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்தக் கம்பெனி துப்பாக்கி வாங்கலாம்?

ஜெர்மனியின் வால்தர், இத்தாலியின் பர்தீனி, சுவிட்சர்லாந்தின் மொரீனி, ஜெர்மனியின் இன்னொரு பழைய பெயரான ஃபைன்வெர்க்பாவ். இந்தச் சில பெயர்களுக்குள்தான் பேச்சு சுற்றிச் சுற்றி வரும். வால்தர் நிறுவனம் 1968இல் கொண்டுவந்த ஜிஎஸ்பி என்ற வடிவம் இந்த ஆட்டத்தின் செவ்வியல் துப்பாக்கி எனலாம். தோட்டாப் பெட்டியை விசைக்கு முன்னால் வைத்து, கைப்பிடியைத் தோட்டாக்களுக்கு இடம் தரும் வேலையிலிருந்து விடுவித்த வடிவம் அது. விலை எல்லாவற்றுக்கும் லட்சங்களில்தான். ஒருமுறை வாங்கினால் எளிதில் மாற்ற முடியாது. கேள்வியின் பதற்றம் புரிகிறது. ஆனால் கம்பெனிப் பெயர் நாலாவதாக வரவேண்டிய விஷயம் என்பதே என் முடிவு. அதற்கு முன்னால் கைப்பிடி, விசை, பழுதுபார்ப்பு என்று மூன்று இருக்கின்றன. இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது.

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு தயாரிப்பாளர்களின் கையை நன்றாகவே கட்டிவைத்திருக்கிறது. தோட்டா .22 லாங் ரைஃபிள், அதாவது 5.6 மி.மீ. துப்பாக்கியின் எடை 1,400 கிராமைத் தாண்டக்கூடாது. குழல் 153 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 220 மி.மீ. உச்சவரம்பு. முழுத் துப்பாக்கியும் 300க்கு 150க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். இத்தனை கட்டுக்குள் நாலு கம்பெனி செய்தாலும் குழலின் தரத்தில் பெரிய வேற்றுமை வர இடமில்லை. நல்ல போட்டித் துப்பாக்கி எதையும் இடுக்கியில் பூட்டிச் சுட்டால் 25 மீட்டரில் குண்டுகள் பத்தாம் வளையத்துக்குள் சுலபமாக அடங்கிவிடும். துல்லியப் பகுதி இலக்கில் அந்த வளையத்தின் விட்டம் 5 செ.மீ.

அப்படியானால் குண்டு ஏன் எட்டிலும் ஏழிலும் போய் விழுகிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 22 செ.மீ.; இலக்கு 25 மீட்டர் தூரத்தில். முன் சைட் பின் சைட்டின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் அது 11 செ.மீ.க்கும் அதிகமான பிழையாகப் பெருகுகிறது. பத்தின் நடுவிலிருந்து அதன் ஓரத்துக்கு 25 மி.மீ.தான். ஆகவே பத்துக்குள் நிற்க வேண்டுமானால் சைட் விலகல் கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதே சமயம் கை முழுவதும், சைட்டுகள் நேராகவே இருக்க, பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆடினால் இலக்கில் வரும் பிழையும் ஒரு சென்டிமீட்டர்தான். குண்டு பத்திலேயே இருக்கும். கை ஆடுவதைப் பார்த்துப் பதறும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஆட்டம் அத்தனை ஆபத்தில்லை. மணிக்கட்டில் நேரும் சிறு திருகல்தான் ஆபத்து.

அந்தத் திருகலைக் கொண்டுவருவது விசை. போட்டிக்கு முன் கருவிப் பரிசோதனையில், துப்பாக்கியைக் குழல் மேல்நோக்க நிறுத்தி, ஒரு கிலோ எடையை விசையில் மாட்டித் தூக்குவார்கள். விசை விடுபடாமல் அந்த எடையைத் தாங்கினால்தான் அனுமதி. துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டியதுதான். அதாவது கை தாங்கும் பாரத்துக்கு ஏறக்குறைய ஈடான பலத்தை ஒற்றை விரல் நுனி கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பலம் நேர் பின்னோக்கிப் போகாமல் இம்மியளவு பக்கம் சாய்ந்தாலும் முன் சைட் நகர்ந்துவிடும். நல்ல விசை இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் பாரத்தின் பெரும்பகுதியை விரல் எடுத்துக்கொள்கிறது. ஓரிடத்தில் தடை தட்டுப்படுகிறது. அதன்பின் மிச்சமிருக்கும் சில நூறு கிராம், கண்ணாடி முறிவதுபோல் இழுவையில்லாமல் விடுபடுகிறது. ஆயிரமாவது முறையும் முதல் முறை போலவே அது முறிகிறதா என்பதைத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டும். முதல் கட்டத்துக்கு எவ்வளவு, இரண்டாவதற்கு எவ்வளவு என்பது அவரவர் விரலின் விருப்பம்.

பின்னுதைப்பைப் பற்றித்தான் பலருக்கு வீண் பயம். .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம். குழலைக் கடக்க அதற்கு ஒரு மில்லிவினாடிகூட ஆவதில்லை. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகரும் தூரம் மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாது. தோட்டாக் கூட்டை வெளியே தள்ளும் இரும்புக் கட்டை முழுத் தூரம் பின்னோடி முட்டுவது, குண்டு வெளியேறிச் சில மில்லிவினாடி கழித்துத்தான். கையில் நாம் உணரும் அதிர்ச்சி பெரும்பாலும் அந்த முட்டல். அது இந்தக் குண்டைக் கெடுக்காது. அடுத்த குண்டுக்கு நாம் திரும்பும் நேரத்தைத்தான் கெடுக்கும். ஆண்களின் ரேபிட் ஃபயரில் நாலு வினாடிக்குள் ஐந்து இலக்கில் ஐந்து குண்டு என்னும்போது அந்த நேரம் உயிர் போன்றது. லண்டனில் 2012இல் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்த நாலு வினாடிப் போட்டியில்தான். இங்கேதான் தயாரிப்பாளர்களின் கைவேலை உண்மையாகவே வேறுபடுகிறது. குழலை எவ்வளவு தாழ்வாக, கையின் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறார்கள், அதிர்வைத் தின்ன உள்ளே சிறு எடைகளை எப்படி அமைக்கிறார்கள் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி.

தயாரிப்பாளர்களை மோதவிட்டுத் தேர்ந்தெடுப்பது புது வழக்கமல்ல. அமெரிக்க ராணுவத்துக்கு அரைத்தானியங்கித் துப்பாக்கி தேர்வு செய்தபோது கோல்ட், சாவேஜ் என்ற இரண்டு கம்பெனிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. கோல்ட்டுக்கு வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். .45 தோட்டாவின் பலத்துக்கு, பூட்டில்லாத கட்டை மட்டும் பின்னோடும் .22இன் எளிய வழி போதாது. குழலும் மேல்சட்டமும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னால் வந்து, பிறகு ஒரு சிறு இணைப்பு குழலைக் கீழே இழுத்துப் பூட்டை அவிழ்க்கும்படி அவர் செய்திருந்தார். இரண்டு துப்பாக்கியிலும் ஆறாயிரம் குண்டு சுட்டுப் பார்த்தார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது; கோல்ட் ஒருமுறைகூட இல்லை. 1911 மார்ச் 29 அன்று அது ஏற்கப்பட்டது. ஆண்டே அதற்குப் பெயராகிவிட்டது. இந்தத் தேர்வில் என்னைக் கவர்வது அந்த ஆறாயிரம் குண்டுகள். கேட்டலாக்கில் எழுதியிருந்ததை வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை.

பின்னாளில் அதே 1911ஐத் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், தையல் மெஷின் செய்த சிங்கரும்கூடச் செய்தன. நம் வீடுகளில் மிதித்த அதே சிங்கர்தான். 500 துப்பாக்கி செய்து கொடுத்தது. அளவுகளைப் பிசகாமல் கடைப்பிடித்தால் ஒரே வடிவம் யார் கையிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதற்கு இது சான்று. இன்று காப்புரிமை காலாவதியாகி, பிலிப்பைன்ஸிலும் துருக்கியிலும்கூட அது தயாராகிறது. பொருத்தங்களைச் சற்று நெகிழ்வாக விட்டால் சேற்றிலும் ஓடும். இறுக்கமாக இழைத்தால் துல்லியம் கூடும், தூசிக்குச் சிக்கும். எந்தக் கம்பெனியாலும் இரண்டையும் முழுதாகத் தர முடியாது.

தூசி என்றதும் டெல்லிக்குத் திரும்பியாக வேண்டும். .22 குண்டு வெறும் ஈயம். மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். மே மாத வெயிலில் அது இளகி, புழுதிக் காற்றோடும் வெடிமருந்துக் கரியோடும் சேர்ந்து தோட்டா ஏறும் வாயில் பிசினாகப் படியும். ஜனவரி விடியலில் அதே கிரீஸ் இறுகிக் கட்டையின் ஓட்டத்தை மந்தமாக்கும். இரண்டுமே ஜாமில்தான் முடியும். சுடுபவரின் பிழையின்றி இப்படி நடந்தால் அந்தத் தொடரைச் சுட்டு முடிக்க விதி இடம் தருகிறது. தோட்டா நிரப்ப மறந்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. சலுகை கிடைத்தாலும் கலைந்த மனம் அவ்வளவு சீக்கிரம் கூடுவதில்லை.

டோக்கியோவில் 2021 ஜூலை 25 அன்று நடந்தது நினைவிருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியில் கோளாறு. தளத்தை விட்டு வெளியே போய், சரிசெய்து வருவதற்குள் கால்மணி நேரத்துக்கும் மேல் கரைந்துவிட்டது. அவர் முடித்தது 575 புள்ளியோடு 12ஆம் இடத்தில். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. உலகின் உயர்ந்த கருவிகளிலும் ஒரு சிறு பாகம் உடையலாம். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டியது: உடைந்தால் ஸ்ப்ரிங்கும் ஊசியும் டெல்லியில் கிடைக்குமா, யார் மாற்றித் தருவார், எத்தனை நாளில்? உங்கள் தளத்தில் பத்துப் பேர் ஒரே வகைத் துப்பாக்கி வைத்திருந்தால், அதுவே அந்த வகையை வாங்கப் பெரிய காரணம்.

இனி கைப்பிடி. சுடுபவர்கள் இதற்காகப் படும் பாடு பார்ப்பவர்க்கு விந்தையாக இருக்கும். வால்நட் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு வாரியாக வரும். நம் பதினாறு வயதுப் பெண்ணின் கைக்குச் சிறியதே பெரிதாகப் போகலாம். அப்போது அரத்தாலும் உப்புத்தாளாலும் விரலிடையைத் தேய்ப்பார்கள். உள்ளங்கைக் குழியில் இடைவெளி இருந்தால் மரப் புட்டி அப்பி, ஈரம் காயுமுன் பிடித்து அச்சு எடுப்பார்கள். சுட்டுப் பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். புதுப் பிடியை இப்படிச் சுரண்டுவதைப் பார்த்துப் பணம் கட்டிய அப்பா பதறுவது இயல்பு. ஆனால் மூன்று வினாடிக்குள் கை உயரும்போது சைட்டுகள் தாமாகவே ஒரு கோட்டில் வந்து நிற்க வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. மணிக்கட்டைத் தாங்கும்படி மட்டும் பிடியை நீட்டக்கூடாது, அது விதிமீறல்.

சட்ட வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம். உரிமம் தேவைப்படும் 20 ஜூல் வரம்புக்கு வெகு கீழேதான் அதன் ஆற்றல். .22க்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம்; டெல்லியில் அதைத் தருவது காவல்துறையின் உரிமப் பிரிவு. 21 வயது நிரம்பாதவர்கள் பயிற்சியிலும் போட்டியிலும் விதிக்கு உட்பட்டுச் சுடலாம். 1951இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் வழியாகவே பெரும்பாலும் இறக்குமதி நடக்கிறது. காகித வேலைக்குக் காலம் பிடிக்கும் என்பதால், அந்த மாதங்களைக் கிளப் துப்பாக்கியில் பழகப் பயன்படுத்தலாம்.

பழகும்போது பயிற்றுநர் முன்னிலையில், தோட்டா இல்லாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை விடுவித்துப் பாருங்கள். முறியும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு துப்பாக்கியில் அசைந்து, இன்னொன்றில் அசையாமல் நின்றால், இரண்டாவது எந்தக் கம்பெனியானாலும் உங்களுடையது. பிறகு தோட்டா. ஒரே கம்பெனியின் ஒரே வகையிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு உண்டு. ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று தொகுதிகளை வைத்துத் தொடர் தொடராகச் சுடுங்கள். ஒவ்வொரு தொடரிலும் ஐந்தாவது தோட்டாவைக் கவனித்துப் பாருங்கள். பெட்டியில் அடியில் இருப்பது அதுதான்; அதைத் தூக்கிவிடும் ஸ்ப்ரிங் அப்போது மிகத் தளர்ந்த நிலையில் இருக்கும். துடைக்காத, எண்ணெய் இடாத துப்பாக்கியில் நாள் முழுக்கச் சுட்ட பிறகும் அந்த ஐந்தாவது தோட்டா தடங்கலின்றி ஏறினால் முன்பணத்தைக் கட்டிவிடலாம்.