பழைய சைக்கிளைத் தூக்கிப் போடாதீங்க



2022ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, டவுன் பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர் என்று தொடங்கினார்கள். நமது தோட்ட ரோட்டில் மேல் டிவிஷனுக்கு நாலு தரம் ஏறி இறங்கினால் அதில் பாதி போய்விடும். அப்போதுதான் எங்கப்பா விட்டுப் போன சைக்கிள் என் ஞாபகத்துக்கு வந்தது. லயத்துக்குப் பின்னால், விறகு அடுக்குக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், பதினைந்து வருசமாகக் கிடந்தது. கறுப்பு இங்கிலீஸ் சைக்கிள். பெரிய சில்லு, கம்பி பிரேக், தோல் சீட். தோலை எலி தின்றிருந்தது.

அதைச் சரி பண்ணி இன்றைக்கும் ஓடுகிறேன். அதன் பிறகு லயத்து ஆட்களுக்கு ஏழெட்டுச் சைக்கிள் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றில் நான் செய்த பிழையால் ஒரு பையனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதையும் மறைக்காமல் கீழே எழுதுகிறேன்.

நம் மலைக்குச் சைக்கிள் சரிவராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மைதான். நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் சில தோட்டங்களில் தள்ளிக்கொண்டு போகிற தூரம்தான் அதிகம். ஆனால் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிள் இல்லாமல் காலம் போகாது. மலையிலும், ஆற்றோரமாகப் போகிற ரோடும் மலை இடுப்பைச் சுற்றிப் போகிற ரோடும் இருந்தால் தாராளமாக ஓடலாம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது வெட்கமில்லை. அரிசி மூட்டையைத் தலையில் சுமப்பதைவிட கரியரில் வைத்துத் தள்ளுவது லேசு.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

பெயின்றைப் பார்த்து வாங்காதீங்க. சட்டகத்தைப் பாருங்க. ஹேண்டிலுக்குக் கீழே, இரண்டு குழாயும் வந்து சேருகிற மூட்டில், பெயின்ற் சுருங்கியோ மெல்லிய வெடிப்போ தெரிந்தால் எங்கேயோ பலமாக மோதிய சைக்கிள். அதை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். முன் கவையைப் பக்கத்தில் நின்று பாருங்க. மேல் பகுதி நேராக வந்து, கீழே முன்பக்கம் வளைந்து போக வேண்டும். மேல் பகுதியே பின்னுக்கு ஒடுங்கியிருந்தால் அது வளைந்துவிட்டது.

சட்டகம் கோணலா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சில்லு மாட்டுகிற வலப்பக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டு வந்து இடப்பக்கப் பிளவில் இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்க. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டகம் ஒரு பக்கம் இழுக்கிறது. அப்படிப்பட்ட சைக்கிள் கையை விட்டால் ஒரு பக்கமே ஓடும், செயினும் அடிக்கடி கழன்று விழும்.

ரிம்மை ஒரு பழைய ஸ்குரூ டிரைவர் நுனியால் உட்பக்கம் குத்திப் பாருங்க. நம்ம ஊர் மழைக்கு உள்ளுக்குள்ளே துருப்பிடித்து, வெளியே நிக்கல் மினுங்கிக்கொண்டு இருக்கும். நுனி உள்ளே இறங்கினால் புது ரிம் போட வேண்டும். கம்பிகளை வீணை மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்க. ஏறத்தாழ ஒரே சத்தம் வர வேண்டும். செத்த சத்தம் வருவது தளர்ந்த கம்பி. பழைய இங்கிலீஸ் சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. புது ரிம் வாங்கப் போகும்போது துளையை எண்ணிக்கொண்டு போங்க. நான் எண்ணாமல் போய் இரண்டு தரம் டவுனுக்கு அலைந்தேன்.

பிரித்துச் சேர்ப்பது

முதலில் மண்ணெண்ணெய். இறுகிப்போன சீட் குழாய், நட்டு எல்லாவற்றுக்கும் ஊற்றி ஓர் இரவு விடுங்க. மறுநாள் பாதி வேலை தானாக முடியும். சுத்தியலால் அடித்துக் கழட்ட அவசரப்படாதீங்க. இடது பெடல் மற்ற ஆணிகளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பானருக்குக் குழாய் போட்டு நெம்பி மரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

சில்லு அச்சுக்குள் இருக்கிற குண்டுகளைச் சீனித் தட்டில் போட்டு எண்ணுங்க. வழக்கமாக முன்சில்லில் பக்கத்துக்கு 10 சின்னக் குண்டு, பின்சில்லில் பக்கத்துக்கு 9 பெரிய குண்டு. ஒன்று குழி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டு எல்லாவற்றையும் மாற்றுங்க. காசு கொஞ்சம்தான். கிறீஸ் பூசி, கோனை இறுக்கும்போது சில்லு இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. சரியாக இருந்தால், சில்லை மெல்லத் தட்டிவிட்டால் அது சுற்றி ஓய்ந்து, காற்றடிக்கிற வால்வு தன் பாரத்தில் கீழே வந்து நிற்கும்.

பெடல் கையைப் பிடிக்கிற ஆப்பு ஆணி (கொட்டர் பின் என்று சொல்வோமே, அதுதான்) அடித்து இறுக்க வேண்டியது. நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டும்தான், இறுக்க அல்ல. இரண்டு ஆணியும் எதிரெதிர்ப் பக்கமாகப் போக வேண்டும். ஒரே பக்கம் போட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். அடிக்கும்போது பெடல் கைக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்க. இல்லாவிட்டால் அடி உள்ளே இருக்கிற குண்டுகளுக்குப் போகும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்கப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் 0 வைத்தால், புதுச் செயினில் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் எட்டிலொரு பங்கு தாண்டிப் போயிருந்தால் செயினை மாற்றுங்க. அதற்கும் மேலே போனால் பல்சில்லும் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினைப் போட்டால் பல் மேல் ஏறிக் குதிக்கும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் போடாதீங்க, நாள் போகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

ஏற்றத்துக்கு ஏற்ப

பழைய சைக்கிள்கள் சமதரைக்குச் செய்தவை. முன்னால் 44 அல்லது 48 பல், பின்னால் 18 பல் என்று வரும். 44க்கு 18 என்றால் ஒரு மிதிக்குச் சைக்கிள் ஏறத்தாழ 5.4 மீட்டர் போகும். பின்னால் 22 பல் பிரீவீல் போட்டால் அது 4.4 மீட்டர் ஆகும். ஒரு மீட்டர் குறைகிறதே என்று நினைக்காதீங்க, அந்த அளவுக்குக் காலுக்குப் பாரம் குறைகிறது. நம்ம ரோட்டுக்கு நான் செய்ததிலே அதிகப் பலன் தந்த வேலை இதுதான். செயினை ஒரு அங்குலம் நீட்ட வேண்டி வரும். செயின் மூடிப் பெட்டி இருந்தால் பெரிய பல் அதில் முட்டுகிறதா என்று பாருங்க.

சில சைக்கிளில் பின்சில்லு அச்சு பருத்து, வலப்பக்கத்திலிருந்து ஒரு குட்டிச் செயின் வெளியே வரும். அது ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர். கிடைத்தால் விடாதீங்க. சின்ன கியரில் 18 பல் 24 பல் மாதிரி வேலை செய்யும். அச்சின் மேல் இரண்டு எண் அடித்திருந்தால் அது செய்த வருசம். எண்ணெய் விடுகிற சின்ன மூடி இருக்கும், மாதம் ஒரு தரம் சில சொட்டு விட்டால் மனுசன் ஆயுசுக்கு ஓடும்.

பிரேக்

இப்போது அந்தப் பையன் கதை. ஸ்டோரில் இராத்திரி வேலைக்குப் போகிறவன், 19 வயது. 2023இல் அவனுக்கு ஒரு சைக்கிள் சேர்த்துக் கொடுத்தேன். பிரேக் கட்டை எல்லாம் புதுசு. அவனுடைய அம்மா சந்தோசத்தில் ரொட்டி சுட்டுத் தந்தார். மூன்றாம் நாள் விடியக்காலை மழைத் தூறல். ஸ்டோரிலிருந்து இறங்குகிற வளைவில் பலமாகப் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். முன் கட்டை இரண்டும் கூட்டை விட்டு வழுக்கி வெளியே போய்விட்டது. நேராகக் கானுக்குள் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் வேலை இல்லை. அந்த வீட்டில் சம்பளம் அவனுடையதும் அம்மாவுடைய பேரும்தான்.

சைக்கிளை எடுத்து வந்து பார்த்தேன். பிரேக் கட்டை இருக்கிற இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். கட்டை தொடுகிற இடத்தில் ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மூடிய முனை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். முன்சில்லில் அது முன்பக்கம். அப்படியிருந்தால் சில்லு கட்டையை மூடிய முனைக்குள் தள்ளும். நான் மாற்றி வைத்திருந்தேன். சில்லு தானே கட்டையை உருவி எறிந்துவிட்டது. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

நான் போய் விசயத்தைச் சொன்னேன். அவன் அம்மா, "ஐயா வேணும்னா செஞ்சீங்க? விடுங்க" என்றார். அவர் விட்டாலும் என்னால் விட முடியவில்லை. இப்போது எந்தச் சைக்கிளைக் கொடுத்தாலும், ஓட்டுகிற ஆளையே உட்கார வைத்து முன்னும் பின்னும் கூட்டைத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. இரும்பு ரிம் நனைந்தால் கட்டை உடனே பிடிக்காது. தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் மழையில் இறக்கம் தொடங்குமுன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக்கொண்டு வாங்க, வளைவு வந்த பிறகு தேடாதீங்க. பலமான இறக்கத்தில் இறங்கி நடங்க. ரிம்மில் எண்ணெய் பட்டால் மண்ணெண்ணெயால் அல்ல, சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்க. கம்பி பிரேக்கைக் கழட்டிவிட்டு கேபிள் பிரேக் போடலாமா என்று கேட்கிறார்கள். கம்பி பிரேக் ரிம்மை உள்ளேயிருந்து பிடிக்கிறது, கேபிள் பிரேக் பக்கத்தில் பிடிக்கிறது. பழைய ரிம்முக்குப் பக்கம் தட்டையாக இருக்காது, அதனால் ரிம்மையும் சேர்த்து மாற்றாமல் போட வேண்டாம். கை நிறையக் காசு இருந்தால், ஜப்பானிலிருந்து வருகிற செகண்ட் ஹேண்ட் சைக்கிளைப் பாருங்க. பலதில் பின் பிரேக் ரிம்மில் இல்லை, அச்சுப் பக்கத்து உருளையில் இருக்கிறது. மழைக்கு அது நல்லது.

பிள்ளைகளை ஏற்றுகிறவர்களுக்கு

கரியரில் உட்கார்ந்த பிள்ளையின் கால் கம்பிக்குள் போவது எல்லா ஊரிலும் நடக்கிற விபத்து. பழைய பிளாஸ்டிக் கேனை வெட்டி, மட்கார்டு தாங்கிக் கம்பியில் இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்க. சேலை, பாவாடை மாட்டுவதையும் அது தடுக்கும். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சைக்கிள் என்று கேட்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மூன்று கட்டைக்கு அப்பால் இருந்தால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று ஒரு நாள் பாருங்க, பிறகு பேசலாம். நடுக் குழாய் தாழ்ந்த சைக்கிள் அவளுக்கும் ஆகும், அம்மாவுக்கும் ஆகும்.

சீட் உயரம், பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்கிற அளவு. பனி மூடுகிற இடங்களில் முன்னால் வெள்ளை வெளிச்சம், பின்னால் சிவப்பு. விடியப் பெரட்டுக்கு ஆட்கள் கூட்டமாக நடக்கிற ரோட்டில் பெல் கட்டாயம்.

என்னிடம் பிரீவீல் கழட்டுகிற சாவியும், கம்பி இறுக்குகிற சாவியும், நல்ல ஸ்பானர் செட்டும் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். சைக்கிளைக் கொண்டு வாங்க. கூடவே ஒரு பழைய துணியும், அரைப் போத்தல் மண்ணெண்ணெயும்.